மறுநாளின் அன்பு: தீ தின்ற மலைச்சரிவுகள் சொல்லும் பாடம்



டிசம்பர் 4 புனித பார்பராவின் திருநாள். இடி, மின்னல், நெருப்பு ஆகியவற்றிலிருந்து காக்கும் பாதுகாவலியாக இப்புனிதரை மக்கள் நாடுவது நெடுங்காலப் பழக்கம். 1786-ஆம் ஆண்டு இதே நாளில், கலிபோர்னியாக் கடற்கரையில், பிரான்சிஸ்கன் துறவியர் இப்புனிதரின் பெயரால் ஒரு மறைப்பணித் தளத்தை நிறுவினர். அதுதான் இன்றும் அழகுற நிற்கும் சாண்டா பார்பரா ஆலயம்.

2017-ஆம் ஆண்டு, அதே டிசம்பர் 4-ஆம் தேதி மாலை, அங்கிருந்து கிழக்கே சாண்டா பவுலா என்ற ஊருக்கு அருகில் காட்டுத்தீ மூண்டது. புனித தாமஸ் அக்குவினாஸ் பெயரால் இயங்கும் கத்தோலிக்கக் கல்லூரி ஒன்று அப்பகுதியில் உள்ளது. காட்டுத்தீக்கு அது தொடங்கிய இடத்தின் பெயரைச் சூட்டுவது அந்நாட்டு வழக்கம். எனவே அதன் பெயர் 'தாமஸ் தீ' என்றானது. அது எரித்த பரப்பு 2,81,893 ஏக்கர். ஆயிரத்துக்கும் மேற்பட்ட கட்டடங்கள் சாம்பலாயின. தீயணைப்பு வீரர் ஒருவர் உட்பட இருவர் உயிரிழந்தனர். அன்றுவரை கலிபோர்னியாவில் பதிவான காட்டுத்தீக்களில் அதுவே பெரியது.

ஆனால் இன்று நாம் சிந்திக்க விழைவது அத்தீயைப் பற்றி அல்ல. தீ கடந்துபோன பின்பு நடந்ததைப் பற்றி.

டிசம்பர் 16-ஆம் தேதி, சாண்டா பார்பராவை அடுத்த மான்டெசிட்டோ என்ற ஊரின் பின்புறமுள்ள மலைகளைத் தீ சூழ்ந்தது. தீயணைப்பு வீரர்கள் இரவு பகலாகப் போராடி வீடுகளைக் காத்தனர். ஊர் தப்பியது. வெளியேறியிருந்த மக்கள் வீடு திரும்பினர். கிறிஸ்து பிறப்பு விழாவையும் புத்தாண்டையும் நன்றியோடு கொண்டாடினர். பின்னர் 2018 ஜனவரி 9-ஆம் தேதி அதிகாலை, எரிந்த அந்த மலைமீது மழை கொட்டியது. ஓர் அளவைமானியில் 5 நிமிடத்தில் பதிவானது ஏறத்தாழ அரை அங்குலம். அந்தச் சில நிமிடங்கள் போதுமானதாக இருந்தன. மலை ஓடைகள் அனைத்தும் சேறும் சாம்பலும் பெரும் பாறைகளும் கலந்த பெருக்காக ஊருக்குள் பாய்ந்தன. 23 பேர் இறந்தனர். நூற்றுக்கும் மேற்பட்ட வீடுகள் அழிந்தன. கடற்கரை நெடுஞ்சாலை இரண்டு வாரம் மூடிக்கிடந்தது. அமல இதய சகோதரிகள் தொடங்கிய 'லா காசா தெ மரியா' (மரியாவின் இல்லம்) என்ற தியான இல்லத்தின் பல கட்டடங்களையும் ஓடை அடித்துச் சென்றது.

மாபெரும் நெருப்பில் மாண்டவர்கள் 2 பேர். அதன்பின் பெய்த சில நிமிட மழையில் மாண்டவர்கள் 23 பேர். இந்தக் கணக்கு நம்மைச் சற்றே நிறுத்தி வைக்கவேண்டும். நெருப்பு எரியும்போது உலகமே பார்க்கிறது. ஒளிப்படக் கருவிகள் குவிகின்றன, செபங்கள் எழுகின்றன, உதவிகள் வருகின்றன. நெருப்பு அணைந்ததும் எல்லாரும் பெருமூச்சு விட்டுத் திரும்பிவிடுகிறோம். ஆனால் உண்மையான ஆபத்து அப்போதுதான் மலைமேல் காத்திருக்கிறது.

சாம்பலுக்கு அடியில் என்ன நடக்கிறது?

உயிருள்ள மலைச்சரிவு ஒன்றை நினைத்துப் பாருங்கள். வானிலிருந்து விழும் மழைத்துளி நேராக மண்ணில் விழுவதில்லை. முதலில் இலை தாங்குகிறது, பிறகு கிளை, பிறகு புல், கடைசியாக மட்கிய சருகு. வேகமெல்லாம் தணிந்து மெதுவாக மண்ணுக்குள் இறங்குகிறது. இறங்கிய நீரையும் மண்ணையும் வேர்கள் பிடித்துக்கொள்கின்றன. பெருமழையைக்கூட மலை பொறுமையாக உள்வாங்கிக்கொள்ளும்.

தீ வந்தபின் இந்தக் குடை போய்விடுகிறது, மெத்தையும் போய்விடுகிறது. மழைத்துளி முழு வேகத்தோடு வெற்று மண்ணை அடிக்கிறது. சிதறும் நுண்மண்ணும் சாம்பலும் மண்ணின் துளைகளை அடைத்துவிடுகின்றன.

இதைவிட வியப்பான ஒன்றும் நடக்கிறது. இலைகளிலும் சருகுகளிலும் மெழுகு போன்ற பொருள்கள் உண்டு. தீயின் வெப்பத்தில் அவை ஆவியாகி, ஒரு பகுதி மண்ணுக்குள் இறங்குகிறது. சில சென்டிமீட்டர் ஆழத்தில் குளிர்ந்து மண் துகள்கள்மேல் படலமாகப் படிகிறது. அதன்பின் அந்த மண் நீரை ஏற்பதில்லை. தாமரை இலையில் நீர் உருள்வதுபோல் அம்மண்ணிலும் நீர் உருண்டு ஓடுகிறது. இதை யாரும் சோதித்துப் பார்க்கலாம். எரிந்த இடத்தில் சாம்பலை ஒதுக்கிவிட்டு, அடியிலுள்ள மண்ணில் ஒரு சொட்டு நீர் விடுங்கள். உடனே உறிஞ்சப்பட்டால் நல்லது. முத்துபோல் உருண்டு வெகுநேரம் நின்றால் அந்தச் சரிவு ஆபத்தில் இருக்கிறது.

அத்தோடு முடியவில்லை. செங்குத்தான சரிவுகளில் புதர்களின் அடித்தண்டுகள் பல ஆண்டுகளாக உருண்டுவரும் கற்களையும் மணலையும் தடுத்து வைத்திருக்கும். புதர் எரிந்ததும், மழை இல்லாமலேயே, அவை சலசலவென்று கீழே சரிந்து ஓடைகளில் குவிகின்றன. மழை வரும்போது தண்ணீர் மட்டும் வருவதில்லை. ஓடையில் குவிந்த அனைத்தையும் வாரிக்கொண்டு வருகிறது. மான்டெசிட்டோவில் இப்படி இறங்கிவந்த சேறு, கல், பாறைகளின் அளவு ஏறத்தாழ 6,80,000 கன மீட்டர் என்று புவியியலாளர்கள் மதிப்பிட்டுள்ளனர்.

எனவே எரிந்த மலையில் ஆபத்தைத் தீர்மானிப்பது நாள் முழுவதும் பெய்த மழையின் மொத்த அளவு அல்ல. 5 நிமிடம், 10 நிமிடம், 15 நிமிடம் எவ்வளவு வேகமாகக் கொட்டுகிறது என்பதே. தீக்குப்பின் வரும் முதல் மழைக்காலமும் இரண்டாம் மழைக்காலமும் மிகவும் கவனத்துக்குரியவை.

காயத்தைக் கட்டுவது

நல்ல சமாரியர் உவமையை லூக்கா நற்செய்தியின் 10-ஆம் பிரிவில் வாசிக்கிறோம். வழியில் அடிபட்டுக் கிடந்தவரைக் கண்ட சமாரியர், கள்வர்களைத் துரத்திக்கொண்டு ஓடவில்லை. முதலில் காயங்களில் எண்ணெயும் திராட்சை மதுவும் வார்த்துக் கட்டுகிறார். எரிந்த சரிவுக்கும் முதல் தேவை இதுதான். திறந்த காயத்தை மூடவேண்டும்.

அமெரிக்காவில் இதற்கென வனத்துறை சிறப்புக் குழுக்களை வைத்துள்ளது. நெருப்பு முழுவதுமாக அணைவதற்கு முன்பே மண் வல்லுநர், நீரியல் வல்லுநர், தாவர வல்லுநர் ஆகியோர் மலைக்குச் செல்கின்றனர். செயற்கைக்கோள் படங்களையும் நேரில் பார்த்ததையும் வைத்து, மண் எங்கே கடுமையாக வெந்திருக்கிறது, அதன் கீழே யார் குடியிருக்கிறார்கள் என்று வரைபடம் தயாரிக்கின்றனர். எல்லா இடத்தையும் காப்பாற்ற நேரமும் இல்லை, பணமும் இல்லை. ஆகவே உயிருக்கு ஆபத்தான இடங்களை முதலில் தேர்ந்தெடுக்கின்றனர்.

அவர்கள் கையாளும் மருந்துகளில் மிகவும் பயனுள்ளது எது தெரியுமா? வைக்கோல்! நம் உழவர்கள் தோட்டத்தில் மூடாக்கு போடுவார்களே, அதே முறைதான். எரிந்த மண்ணில் பத்தில் ஆறு ஏழு பங்கு மறையும்படி வைக்கோலையோ மரச்சிராயையோ பரப்பினால், மழைத்துளியின் அடி மண்ணில் விழாது, ஓடும் நீரின் வேகம் தணியும், ஈரம் தங்கும், விதைகள் முளைக்கும். எட்டாத சரிவுகளில் ஹெலிகாப்டரிலிருந்து தூவுகின்றனர். வைக்கோலுக்குக் குறைகளும் உண்டு. பலத்த காற்று அதை வாரிச் சென்றுவிடும். களைவிதைகள் கலந்திருந்தால் புதிய தொல்லை முளைக்கும். அதனால் காற்று மிகுந்த இடங்களில் கனமான மரச்சிராய்கள் பயன்படுகின்றன.

சில வேளைகளில் இயற்கையே இந்த மருந்தைத் தருகிறது. பைன் மரம் முற்றிலும் எரியாமல் வெப்பத்தில் கருகி மட்டும் நின்றால், அதன் ஊசியிலைகள் உதிர்ந்து மண்ணை மூடிக்கொள்ளும். அலங்கோலமாகத் தெரிகிறதே என்று அதைக் கூட்டி அள்ளிவிடாமல் இருப்பதே அங்கு நாம் செய்யும் உதவி. அதுபோல, பட்டுப்போன வேர்கள்கூடச் சில ஆண்டுகள் மண்ணைப் பிடித்திருக்கும். கரிக்கட்டையாக நிற்கும் புதரையும் மரத்தையும் பொக்லைன் கொண்டு பிடுங்கி 'சுத்தம்' செய்தால், எஞ்சியிருந்த பிடிப்பையும் நாமே அறுத்துவிடுகிறோம்.

சரிவுக்குக் குறுக்கே, ஒரே மட்டத்தில், எரிந்த மரத்துண்டுகளைப் படுக்கவைப்பதும், வைக்கோல் திணித்த நீண்ட உருளைகளைப் பதிப்பதும் இன்னொரு முறை. சிறு மழையில் இவை நன்றாக உதவுகின்றன. ஆனால் மண்ணோடு ஒட்டாமல் இடைவெளி விட்டு வைத்தாலோ, மட்டம் தவறினாலோ, நீர் ஒரு முனையில் திரண்டு புதிய வாய்க்காலை வெட்டிவிடும். கொட்டும் பெருமழையை இவற்றால் தடுக்க முடிவதில்லை. நல்லெண்ணத்தோடு செய்தாலும் தவறாகச் செய்தால் கேடு விளையும் என்பதை இந்த எளிய வேலையும் நினைவூட்டுகிறது.

பார்வைக்கு அழகும் மண்ணுக்குப் பயனும்

பல பத்தாண்டுகளாக, எரிந்த மலைகளுக்குப் பெரிதும் செய்யப்பட்ட சிகிச்சை விதை தூவுவதே. ஹெலிகாப்டரும் விமானமும் விரைந்து முளைக்கும் அயல்நாட்டுப் புல்விதைகளைப் பொழியும். பார்ப்பவர்களுக்கு ஆறுதல். 'ஏதோ செய்கிறார்கள்' என்ற நிறைவு. ஆண்டுகள் சென்று ஆய்வாளர்கள் முடிவுகளைத் தொகுத்துப் பார்த்தபோது, பெரும்பாலான இடங்களில் இது மண்ணரிப்பைக் குறிப்பிடத்தக்க அளவு குறைக்கவில்லை என்று தெரிந்தது. ஆபத்தான முதல் மழை வரும்போது விதை இன்னும் முளைத்திருக்காது. முளைக்குமுன் அதுவும் மழையோடு அடித்துச் செல்லப்படும். நன்றாக முளைத்த இடங்களிலோ, அந்த மண்ணுக்கே உரிய செடிகள் துளிர்ப்பதற்கு அது போட்டியாகிவிட்டது. கலிபோர்னியாவின் புதர்க்காட்டுச் செடிகள் பல, தீக்குப்பின் தம் அடித்தண்டிலிருந்தே மீண்டும் துளிர்க்கக் கூடியவை. வேறு சிலவற்றின் விதைகள் தீயின் வெப்பமோ புகையோ பட்டபிறகே கண்விழிக்கும். படைத்தவர் அவற்றுக்குள் வைத்த ஆற்றல் அது. நமது அவசரம் அதற்கு இடையூறாகிவிட்டது.

அன்பர்களே, இந்த இடத்தில் நம்மை நாமே ஆய்வு செய்துகொள்வது நலம். துன்புறுவோருக்கு உதவும்போது, அவர்களுக்கு எது பயன்படும் என்று பார்க்கிறோமா, அல்லது எது நம் மனத்துக்கு நிறைவு தரும் என்று பார்க்கிறோமா? பேரிடர் நிகழ்ந்த ஊருக்கு மூட்டை மூட்டையாகப் பழந்துணிகள் போய்ச் சேர்வதை நாம் பார்த்திருக்கிறோம். அங்குள்ளவர்களுக்குத் தேவை குடிநீராக இருக்கும். கேட்டுச் செய்வதும், கற்றுச் செய்வதும் அன்பின் ஒரு பகுதியே. அறிவியலாளர் பல ஆண்டுகள் மண்ணை அளந்து, 'நாங்கள் இதுவரை செய்தது சரியல்ல' என்று ஒப்புக்கொண்டதில் ஓர் ஒப்புரவு மனநிலை இருக்கிறது. அது நம் பணிகளிலும் வேண்டும்.

எதுவும் நிற்காத சரிவுகள்

ஒன்றை மறைக்காமல் சொல்லவேண்டும். சரிவின் சாய்வு ஏறத்தாழ 30 பாகையைத் தாண்டினால் வைக்கோலும் நிற்பதில்லை, விதையும் நிற்பதில்லை. அத்தகைய இடங்களில் பொதுவாக மூடாக்கு போடுவதில்லை. மான்டெசிட்டோவின் பின்னாலுள்ள மலை பெரும்பாலும் இப்படிப்பட்டதே. தீ ஊரைச் சூழ்ந்த நாளுக்கும் மழை கொட்டிய நாளுக்கும் இடையே இருந்தவை 24 நாள்கள் மட்டுமே. அங்கே மேலே மண்ணைப் பிடித்து வைப்பது மனிதரால் ஆகாத செயல். கீழே தாங்குவதும், மக்களை விலக்கி வைப்பதும் மட்டுமே ஆகும்.

இந்தப் பாடத்தைக் கலிபோர்னியா முன்பே கடும் விலை கொடுத்துக் கற்றிருந்தது. 1933 நவம்பரில் லாஸ் ஏஞ்சல்ஸ் நகரின் வடக்கே லா கிரசென்டா பள்ளத்தாக்கின் மேலுள்ள மலை எரிந்தது. சில வாரங்களில், 1934 புத்தாண்டு பிறந்த இரவில், அங்கே பெருமழை. ஓடைகள் பாறைகளோடு இறங்கின. பாதுகாப்பு தேடி மக்கள் ஒரு பொதுக் கூடத்தில் கூடியிருந்தனர். அந்தக் கூடமே வெள்ளத்தின் பாதையில் இருந்தது. அங்கே மட்டும் 12 பேர் மாண்டனர். அடைக்கலம் என்று நம்பிய இடமே கல்லறையானது. அதன்பிறகு, மலை ஓடைகள் ஊருக்குள் நுழையும் வாயிலில், பாறையும் சேறும் தேங்கி நிற்கும்படி பெரும் பள்ளங்களை அரசு அமைத்தது. ஒவ்வொரு மழைக்குப் பின்னும் அவற்றைத் தூர்வார வேண்டும். தூர்வாராத பள்ளம் இருந்தும் இல்லாததே.

மான்டெசிட்டோவில் 2018 ஜனவரியில் எச்சரிக்கை இல்லாமல் இல்லை. வெளியேறும்படி அறிவிப்பு வந்தது. ஆனால் ஒரு சாலையைக் கோடாக வைத்து, அதற்கு மேலே இருப்போர் கட்டாயம் வெளியேறவேண்டும் என்றும், கீழே இருப்போர் தாமாக முடிவு செய்யலாம் என்றும் கூறப்பட்டது. சேற்றுப் பெருக்கு அந்தக் கோட்டை மதிக்கவில்லை. கோட்டுக்குக் கீழே பலர் இறந்தனர். மேலே இருந்தவர்களிலும் பலர் நகரவில்லை. டிசம்பர் முழுவதும் வீட்டைவிட்டு ஓடி ஓடிக் களைத்துப்போன மக்கள் அவர்கள். 'தீயே போய்விட்டது, மழைக்கா பயப்படுவது?' என்று எண்ணியிருந்தால் அவர்களைக் குறைகூற நமக்கு மனம் வருமா? இறந்தவர்களில் செல்வந்தர்களும் இருந்தனர், பிழைப்புக்காகக் குடியேறி வந்த குடும்பத்தினரும் இருந்தனர், குழந்தைகளும் இருந்தனர்.

பின்னர் அந்த ஊர் கற்றுக்கொண்டது. 2019-இல் மலை ஓடைகளின் குறுக்கே எஃகு வலைகள் கட்டப்பட்டன. பேரழிவு நிகழ்ந்த ஓர் ஓடையின் கரையிலிருந்த நிலங்களை வாங்கி, புதிய தேக்கப் பள்ளம் வெட்டப்பட்டது. 2023 ஜனவரி 9-ஆம் தேதி, சரியாக 5 ஆண்டுகள் நிறைவுற்ற அதே நாளில், மீண்டும் பெருமழை. இம்முறை ஊர் முழுவதும் வெளியேறும்படி ஆணை. 2018-ஆம் ஆண்டின் துயரம் திரும்பவில்லை. மலையில் செடிகள் மீண்டும் வளர்ந்திருந்ததும் ஒரு காரணமே. ஆனாலும் மனிதர் மனம் மாறியிருந்ததும் ஒரு காரணம்.

அதற்குள் வேறோர் இடத்தில் கதை மறுபடி தொடங்கியது. 2025 ஜனவரி 7-ஆம் தேதி லாஸ் ஏஞ்சல்ஸ் பகுதியில் மூண்ட பெருந்தீயில், பசிபிக் பாலிசேட்ஸ் பங்கின் 'கிறிஸ்துவின் திருவுடல்' ஆலயம் எரிந்து அழிந்தது. இடிபாடுகளுக்கிடையே நற்கருணைப் பேழை சிதையாமல் இருப்பதைத் தீயணைப்பு வீரர்கள் கண்டெடுத்தனர். அந்தச் செய்தி உலகெங்கும் கத்தோலிக்கர்களின் உள்ளத்தைத் தொட்டது. ஐந்தே வாரங்களில், பிப்ரவரி 13-ஆம் தேதி, எரிந்த அந்தச் சரிவுகளில் மழை பெய்தது. கடற்கரைச் சாலைக்கு இறங்கிய சேறு, தீயணைப்புத் துறையின் வாகனம் ஒன்றைக் கடலுக்குள் தள்ளியது. ஓட்டியவர் நல்லவேளையாகத் தப்பினார். பேழை காக்கப்பட்ட செய்தி நம்மில் எத்தனை பேருக்குத் தெரியும்? சேறு இறங்கிய செய்தி எத்தனை பேருக்குத் தெரியும்? நற்கருணையில் இருக்கும் ஆண்டவர்தாம் சரிவின் கீழே குடியிருக்கும் மனிதரிலும் இருக்கிறார்.

இரண்டு தெனாரியம்

சமாரியர் உவமைக்குத் திரும்புவோம். நாம் பெரும்பாலும் கவனியாமல் கடந்துபோகும் ஒரு செய்தி அதில் உண்டு. காயத்தைக் கட்டி, சத்திரத்தில் சேர்த்ததோடு அவர் போய்விடவில்லை. மறுநாள் இரண்டு தெனாரியத்தை எடுத்துச் சத்திரக்காரரிடம் கொடுக்கிறார். கூடுதலாகச் செலவானால் திரும்பி வரும்போது தருவதாகவும் உறுதி சொல்கிறார். முதல் நாளின் அன்பு இரக்கத்தால் பிறந்தது. மறுநாளின் அன்புக்கு நினைவும், திட்டமும், பணமும், திரும்பி வரும் எண்ணமும் தேவைப்பட்டன.

மான்டெசிட்டோவில் அந்த மறுநாளின் அன்பையும் கண்டார்கள். 2018-இல் அங்குள்ள மக்கள் சிலர் 'வாளிப் படை' என்ற பெயரில் ஒன்றுகூடினர். சனி ஞாயிறுகளில் மண்வெட்டியும் வாளியுமாக வந்து, சேறு புகுந்த வீடுகளைத் தோண்டி எடுத்தனர். நாளடைவில் ஆயிரக்கணக்கான தன்னார்வலர்கள் சேர்ந்தனர். வீடுகள் முடிந்ததும் அவர்கள் கலைந்துவிடவில்லை. சேற்றில் அடிமரம் புதையுண்ட ஓக் மரங்களை நாடிச் சென்றனர். அடிமரத்தைச் சேறு மூடினால் வேர் மூச்சுத் திணறி மரம் மெல்லச் சாகும். ஒவ்வொரு மரமாகச் சேற்றை அகற்றினர். அந்த மரங்கள் பிழைத்தால்தான் அடுத்த மழைக்கு மண்ணைப் பிடிக்க வேர் இருக்கும்.

திருத்தந்தை பிரான்சிஸ் 2015-இல் வெளியிட்ட 'இறைவா உமக்கே புகழ்' என்ற திருமடலில், இயற்கைக்கு நேரும் கேட்டையும் எளியோருக்கு நேரும் கேட்டையும் பிரித்துப் பார்க்க முடியாது என்று கற்பித்தார். வாளி சுமந்த அந்த மக்களில் எல்லாரும் அத்திருமடலை வாசித்திருக்க மாட்டார்கள். ஆனால் அதன் பொருளை அவர்கள் கைகள் அறிந்திருந்தன.

நம் மலைகளில்

கலிபோர்னியா எங்கோ இருக்கிறது என்று இதை ஒதுக்கிவிட முடியாது. நம் மேற்குத் தொடர்ச்சி மலையிலும் பிப்ரவரி முதல் மே வரை தீக்காலம். 2018 மார்ச் 11-ஆம் தேதி தேனி மாவட்டம் குரங்கணி மலையில், மலையேற்றம் சென்ற 20-க்கும் மேற்பட்டோரைக் காட்டுத்தீ பலிகொண்டதை நாம் மறக்கவில்லை. கொடைக்கானல் மலைப்பகுதியிலும் கோடைதோறும் புல்வெளிகளும் தோப்புகளும் எரிகின்றன. தீ அணைந்த சில வாரங்களில் இடியோடு கோடை மழை கொட்டும். பிறகு பருவமழைகள். எரிந்த சரிவும் வேகமான மழையும் இங்கும் அடுத்தடுத்தே வருகின்றன.

நம் மலைகளில் நிகழும் நிலச்சரிவுகள் எல்லாம் தீயால் வந்தவை என்று சொல்லவில்லை. 2024 ஜூலை 30-ஆம் தேதி வயநாட்டில் நேர்ந்த பேரழிவு கொட்டித் தீர்த்த பெருமழையின் விளைவு. ஆனால் மலையின் கீழே உறங்கும் மனிதர்களை முன்கூட்டியே விலக்குவது எத்துணை இன்றியமையாதது என்பதை அதுவும் நமக்குச் சொல்லிச் சென்றது.

மலைப்பகுதிப் பங்குகளில் நாம் என்ன செய்யலாம்? காப்புக்காடுகளில் எதையும் வனத்துறையின் அனுமதியோடுதான் செய்யமுடியும். ஆனால் நம் பட்டா நிலங்களிலும், பங்கின் நிலங்களிலும், தோட்டங்களிலும் எரிந்த சரிவு இருந்தால், முதல் மழைக்கு முன் வைக்கோலோ சருகோ கொண்டு மூடாக்கு போடலாம். கருகிய வேர்களைப் பிடுங்காமல் விடலாம். சாலையோரச் சிறுபாலங்களின் அடைப்பை நீக்கித் தரும்படி ஊராட்சியிடம் கேட்கலாம். அன்பியக் கூட்டத்தில் ஒரு மாலை உட்கார்ந்து, எரிந்த சரிவுக்குக் கீழே, ஓடைக்கரையில் யார் யார் வீடு இருக்கிறது, அவர்களில் நடக்க இயலாத முதியோர் யார், இரவில் மழை வலுத்தால் அவர்களை யார் அழைத்து வருவார் என்று பட்டியல் எழுதலாம். முக்கியமாக, அடைக்கலம் தரப்போகும் நம் பங்கு மண்டபமோ பள்ளியோ ஓடையின் பாதையில் இல்லை என்று உறுதி செய்துகொள்ளலாம். 1934-இல் அந்தக் கூடத்தில் இறந்த 12 பேரின் நினைவாக இதையாவது செய்வோம்.

செய்யக்கூடாதது ஒன்றும் உண்டு. எரிந்த செங்குத்துச் சரிவில் வரிசையாகக் குழி வெட்டி மரக்கன்று நடும் விழா நடத்தி, படம் எடுத்துக்கொண்டு வருவது. வெந்த மண்ணைக் கிளறுவது மண்ணரிப்புக்கு வழிவிடும். அதோடு, நம் உயர்மலைகளில் புல்வெளி என்பது மரமில்லாத வெறும் நிலம் அல்ல. சோலைக்காட்டோடு சேர்ந்து நீரைத் தேக்கும் தனி உலகம் அது. சென்ற நூற்றாண்டில் அங்கே சீகை, தைலமரம், பைன் என்று அயல் மரங்களை நட்டதன் விளைவை இன்றும் அனுபவிக்கிறோம். எந்த மண்ணில் எது வளரவேண்டும் என்று அறிய, செண்பகனூர் இயேசு சபையினரின் மரபிலிருந்து நாம் கற்கலாம். அருட்பணி. கே.எம். மேத்யூ சே.ச. பழனி மலையின் தாவரங்களைப் பல ஆண்டுகள் நடந்து நடந்து சேகரித்து, 1999-இல் பெரும் நூலாகத் தந்தார். ஒரு குருவானவர் புல்லையும் பூவையும் பொறுமையாகப் பெயரிட்டு எழுதிவைத்ததும் இறைப்பணியே.

அன்பார்ந்தவர்களே, திருநீற்றுப் புதனன்று நம் நெற்றியில் சாம்பல் பூசப்படுகிறது. அது முடிவின் அடையாளம் அல்ல, 40 நாள் பயணத்தின் தொடக்கம். மலைமேல் சாம்பல் படிந்த நாளும் அப்படியே. 'தீ அணைந்துவிட்டது' என்று செய்தி வரும் நாளில் நம் பணி முடிவதில்லை. அன்றுதான் தொடங்குகிறது.

மன்றாடுவோம்: படைப்பனைத்தின் ஆண்டவரே, தீயிலும் சேற்றிலும் உயிர்நீத்த எம் சகோதர சகோதரிகளுக்கு நிறையமைதி அருளும். மலைச்சரிவுகளின் கீழே இன்றிரவு உறங்கச் செல்லும் குடும்பங்களைக் காத்தருளும். துன்பத்தைக் கண்டு முதல் நாளில் ஓடிவரும் எங்களுக்கு, மறுநாளும் திரும்பி வரும் மனத்தைத் தாரும். ஆமென்.